இருபத்திரண்டு வருடம் கழித்து ஓர் எழுத்து

ஒக்லண்டுக்கு வந்த புதிதில், ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த வைத்தியரிடம் பெயர் பதியப் போயிருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே, "டூ யூ ஹாவ் எ பார்ட்னர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்குச் சொந்தமாக வியாபாரம் எதுவும் கிடையாது, பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலைதான் என்று விளக்கமும் கொடுத்தேன். அவள் தலையாட்டிவிட்டு எதையோ தட்டினாள். பிறகு என் பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டி, இவர் யார் என்றாள். "ஹஸ்பண்ட்" என்றேன். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இப்போதும் மறக்கவில்லை. இந்த நாட்டில் கணவன், மனைவி, சேர்ந்து வாழ்கிறவர் எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். தாலி கட்டினீர்களா, மோதிரம் மாற்றினீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் இதே நாட்டுக்குள் நுழைவதற்கு நாங்கள் கணவன் மனைவிதான் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கலியாணப் படங்கள், அவர் எழுதிய கடிதங்கள், அவர் பெயரும் என் பெயரும் சேர்ந்திருக்கும் ஏதாவது ஒரு கடுதாசி என்று கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருந்துகொண்டு மூன்று மாதம் சேர்த்தேன். அந்தக் கடிதங்களை மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சில வரிகளை என் முன்னால் வாசிக்கக் கூச்சப்பட்டு, "இது முக்கியமில்லைத்தானே பிள்ளை?" என்று தாண்டிப்போனார். ஆகவே, கலியாணம் என்பதை அரசாங்கங்கள் எப்படிப் பார்க்கின்றன என்று எனக்கு ஓரளவு தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தம்பி ரவியும் அவன் மனைவி வாசுகியும் சுவிசிலிருந்து எங்களைப் பார்க்க வரும்வரை.

அவர்கள் வந்தது 2016 பெப்ரவரியில். ரவி பத்தொன்பது வயதில் அகதியாகச் சுவிசுக்குப் போனவன். அங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று அதே சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறான். வாசுகி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவர்களுடைய கலியாணத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. போகக்கூடிய காலமும் அல்ல அது. நண்பர் ஒருவரின் வரவேற்பறையில் ரவி தாலி கட்டுகிற படம் ஒன்று எங்கள் ஊரான சாவகச்சேரிக்கு வந்தது. பின்னால் யன்னலில் பனி. அம்மா அதைச் சட்டம் போட்டுச் சாமியறைக்கு வெளியே மாட்டினார். கடைசிவரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

சுவிசில் வருடத்துக்கு நாலைந்து தரம் மக்களிடம் வாக்குக் கேட்பார்களாம். ரோட்டுக்கும் வாக்கு, சுரங்கத்துக்கும் வாக்கு. ஊரில் இருந்தவரை தேர்தல் நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து பழகிய எனக்கு அது பெரிய அதிசயம். இந்தத் தடவை கேள்வி கலியாணம் பற்றியது. அங்கே கணவன் மனைவி இருவரும் உழைத்தால் இரண்டு சம்பளத்தையும் ஒன்றாகச் சேர்த்து வரி போடுவார்கள். கட்டாமல் சேர்ந்து வாழ்கிற இருவருக்கோ தனித்தனி. அதனால் கட்டியவர்கள் பல பேருக்கு வரி கூட. அது நியாயமில்லை, மாற்றவேண்டும் என்பதற்கு ஓமா இல்லையா. இருவரும் தபாலில் வாக்குப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்கள்.

முடிவு வந்தபோது எங்களுக்குத் திங்கட்கிழமை காலை. நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். ரவி குசினி மேசையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டான்.

"தோத்துப்போச்சு அக்கா. மயிரிழையில தோத்துப்போச்சு."

"அதுக்கு ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறாய்? இவ்வளவு நாளும் கட்டின வரிதானே."

"நாங்கள் கட்டேல்லை அக்கா."

"என்ன கட்டேல்லை? வரியோ?"

"கலியாணம்," என்றான்.

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வாசுகி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தண்ணீர்க் குழாயடியில் நின்று லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டியது உண்மை. எழுத்து மட்டும் நடக்கவில்லை. எங்கள் ஊரில் கலியாணப் பதிவை எழுத்து என்றுதான் சொல்வோம். தாலி கட்டிய காலத்தில் இருவரிடமும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. எடுத்து அனுப்ப ஊரில் அரசாங்கக் கச்சேரியும் ஒழுங்காக இயங்கவில்லை. கடுதாசிகள் வந்துசேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் கூட வேலை செய்த ஒருவன், எழுதினால் வரி ஏறும், அவசரப்படாதே என்றிருக்கிறான். அடுத்த வருடம் பார்ப்போம் என்று விட்டது, ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடமாகவே இருந்துவிட்டது.

"அப்ப அபி?" என்று கேட்டேன். அவர்களுடைய மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"கந்தோருக்குப் போய் என்ர பிள்ளைதான் எண்டு கையெழுத்து வச்சனான். அவையள் நல்ல மரியாதையாத்தான் நடத்தினவை. வெளியில வந்து டிராமுக்கு நிக்கேக்கதான் அழுகை வந்தது."

எனக்குக் கோபம் வந்தது. எழுதாமல் இருந்ததற்கு அல்ல. இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சொல்லாமல் இருந்ததற்கு. என்ன சொல்லித் திட்டுவது என்று நான் யோசிப்பதற்குள் ரவி போனை மேசையில் கவிழ்த்துவைத்தான்.

"இந்த முறை வெண்டிருந்தால் போன உடனே எழுதியிருப்பம். இவவுக்கும் சொன்னனான்."

வாசுகி குழாயை மூடினாள். திரும்பாமலே சொன்னாள்.

"நான் நைன் எண்டுதான் போட்டனான்."

நைன் என்றால் இல்லை. அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும். ரவி அவளையே பார்த்தான்.

"நீர் ஓமெண்டு போடேல்லையோ?"

"இல்லை. வரி குறைஞ்சால் எழுதுறன் எண்டனீங்கள். அப்ப குறைஞ்சதுக்காகத்தானே எழுதுவியள்?" கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "மச்சாள், இவருக்கு ஒப்பரேசன் நடந்தபோது ஆரெண்டு கேட்டவை. மனுசி எண்டனான். கொம்பியூட்டரைப் பாத்திட்டு, சிநேகிதி எண்டு எழுதிச்சினம். பிழை சொல்லேலாது. எல்லா ஃபோமிலயும் கட்டாதவள் எண்டு புள்ளடி போடுறது நான்தானே. அதை மாத்துறதுக்கு ஒரு நாடு முழுக்க கை தூக்கவேணுமே? ஒரு ஆள் கேட்டால் காணாதே?"

ரவி எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எங்கள் வீட்டிலிருந்து கீழே இறங்கினால் மனுக்காவ் கடற்கரை. அங்கேதான் போயிருப்பான் என்று நினைத்தேன். வாசுகி ஒன்றும் நடக்காததுபோல லீக்ஸை வெட்டத் தொடங்கினாள். கத்தி மட்டும் வழக்கத்தைவிட வேகமாகப் போனது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தோளில் கைவைத்தேன். அவள் வெட்டுவதை நிறுத்தினாள்.

ஒரு மணித்தியாலம் கழித்து ரவி வந்தான். கடல் வற்று நேரம். சேற்றுக்குள் இறங்கி நடந்திருக்கிறான், சப்பாத்து முழுக்கச் சேறு. வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, இஞ்ச எழுத்து வைக்க எவ்வளவு நாள் செல்லும்?" என்று கேட்டான்.

"என்னட்டையே கேக்கிறாய்?" என்றேன்.

அவனுக்கு விளங்கியது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்தான்.

"வாசுகி. எழுதுவமே?"

"வரி கூடும்."

"கூடட்டும்."

அவள் உடனே ஓம் சொல்லவில்லை. அடுப்பைக் குறைத்தாள், சட்டியை மூடினாள். பிறகு, "சேலை ஒண்டும் நல்லதாக் கொண்டரேல்லை," என்றாள். அதுதான் ஓம்.

இந்த நாட்டில் விண்ணப்பம் கொடுத்து மூன்று வேலைநாள் பொறுத்தால் போதும், வெளிநாட்டுக்காரர்களும் எழுதலாம். படிவங்களை நான்தான் நிரப்பினேன். அதே வாரம் எங்கள் தபால்பெட்டிக்கும் ஒரு வாக்குச்சீட்டு வந்தது. நியூசிலாந்தின் கொடியை மாற்றுவதா வேண்டாமா என்று. "உங்களுக்குக் கொடி, எங்களுக்குக் கலியாணம்," என்று ரவி அந்த உறையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரித்தான். சேலைக்கு என்னுடைய கலியாணக் கூறையை எடுத்து வெளியே வைத்தேன். வாசுகி அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தந்தாள். "கூறை அண்டைக்கே கட்டியாச்சு மச்சாள்." கடைசியில் என்னுடைய நீலச் சேலை ஒன்றைக் கட்டி, சுவிஸ் பழக்கத்தில் மேலே ஒரு கார்டிகனும் போட்டுக்கொண்டு பதிவுக் கந்தோருக்கு வந்தாள்.

பதிவாளர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண், அன்பானவர். எவ்வளவு காலமாக நிச்சயம் செய்து வைத்திருந்தீர்கள் என்று ரவியிடம் கேட்டார். கேள்வி சரியாக விளங்காமல், அவன் இருபத்திரண்டு வருடம் என்றான். பதிவாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். மோதிரம் இருக்கிறதா என்று அடுத்ததாகக் கேட்டார். வாசுகி கார்டிகனுக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினாள். "வட் எ லவ்லி நெக்லஸ்," என்றார் அவர். யாரும் திருத்தவில்லை. உறுதிமொழியை ஆங்கிலத்தில் சொன்னபோது ரவியின் குரல் உடைந்தது. வாசுகி தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடிந்ததும் என் கணவர் கைதட்டினார். நாங்கள் நாலு பேரும் பதிவாளரும்தான் சபை.

கையெழுத்துக்கு முன், எல்லாம் சரியா என்று வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். ரவி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தான். 'பிறந்த இடம்' என்ற வரியில் நின்றான்.

"அக்கா, ஊர் பிழை."

என்னுடைய பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலத்தான் நான் சாவகச்சேரியை எழுதியிருந்தேன். கொழும்பில் யாரோ ஒருவர் தட்டச்சு செய்த ஊர் அது, ஆங்கிலத்தில் 'சிஎச்' இல் தொடங்கும். ரவியின் சுவிஸ் கடுதாசிகளில் அது 'எஸ்' இல் தொடங்கும். பத்தொன்பது வயதில் அகதி முகாமில் அவன் வாயால் சொல்ல, காதில் விழுந்தபடி ஒருவர் எழுதிக்கொண்டது. நடுவிலும் இரண்டு எழுத்துக் குறைவு. இவை இரண்டும் வேறு வேறு ஊர்களா என்று பதிவாளர் கேட்டார். இல்லை, ஒன்றுதான் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "அப்படியென்றால் எது சரி?" ரவி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சுவிசில் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அங்குள்ளபடி இருக்கட்டும் என்றேன்.

அவர் புதிதாக ஒன்றை அச்செடுத்தார். அதில் அவர்கள் ஒப்பமிட்டார்கள், கீழே சாட்சிகளாக நானும் என் கணவரும். பழைய தாளை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். விதி இடம்கொடுக்காது, மன்னிக்கவும் என்று சொல்லி, மூலையில் பூட்டிக் கிடந்த, அழிக்கவேண்டிய தாள்களுக்கான பெட்டியின் நீளமான துவாரத்துக்குள் அதை மெதுவாகத் தள்ளினார். என்னுடைய சாவகச்சேரி அதற்குள் விழுந்தது. தம்பியினுடையதை ஒரு வெள்ளை உறையில் போட்டு, மடங்காமல் கொண்டுபோகும்படி வாசுகியிடம் கொடுத்தார்கள்.