அத்தியா அரபியில் விடைபெற்ற கதை

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் செருப்புக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீலின் மனைவி அத்தியாவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது எலவனாசூர்கோட்டை. ஏழு வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவள். அவள் ஓதினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். உச்சரிப்பில் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் ஓதியதற்கு அர்த்தம் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். நிறையப் பேருக்கு அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவளுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மகள் கல்யாணம் முடிந்த கையோடு போனில் அரபி வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் இடைநிலைக்கு வந்துவிட்டாள். அங்கே இலக்கணம் கொஞ்சம்தான். கதை, கவிதை, விருந்தோம்பல் வழக்கம் என்று அதன் வழியாகத்தான் பாடம். ஜோர்டானிலிருந்து ஹனான் என்ற ஆசிரியை எடுத்தார். அரபு வீட்டில் காலிக் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டாவிட்டால் காபியை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று தெரிந்துகொண்ட அன்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்தாள். பழைய பாலைவனக் கவிதைகளில் ஒரு காதலன் வருவான். அவன் காதலியின் கூட்டம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போயிருக்கும். மிச்சம் கிடக்கும் அடுப்புக்கல்லைப் பார்த்து நின்று அழுவான். அதைப் படித்துவிட்டு அத்தியா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இவ்வளவு இருந்தும் வாய்மொழித் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். நாற்பது வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். ஹனான் நாற்பத்தோராவதைக் கேட்டார். வாய் ஒட்டிக்கொண்டது. "நீங்கள் அரபியை ஓதுகிறீர்கள் அத்தியா, பேசவில்லை" என்றார் ஹனான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சுருக்கென்று தைத்தது. இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் இந்த வகுப்பை விட்டு இறங்கி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். பஜார் முழுக்க மனைவி பெருமை பேசிக்கொண்டிருந்த ஜலீலும் அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை. தோற்றதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

இரண்டாவது தேர்வு ஒரு புதன்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு. நடித்துக் காட்ட வேண்டும்: ஹனான் வீட்டுக்காரி, அத்தியா விருந்தாளி. வர வேண்டும், உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், விடைபெற வேண்டும். கடைசியில் கவிதையைப் பற்றி ஒரு கேள்வி. பட்டும் திருந்தாத அத்தியா இந்த முறை எண்பது வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தாள்.

மூன்றேகாலுக்கு வெள்ளிமலைக்கு மேலேயிருந்து சாலம்மாள் வந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை செருப்பு வாங்க இறங்கி வருகிறவள்.

"இன்னா பாயம்மா, போன வெச்சிக்கினு தனியா பேசிக்கினு இருக்க?"

"பரீச்சை சாலம்மா. அரபி."

"இந்த வயசுலயா! நல்லா எழுது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது, போய்ட்டு வரேன்."

"போய்ட்டு வாங்க."

கடைக்குப் பின்னால் செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஸலாம் சொன்னாள், நலம் விசாரித்தாள், இல்லாத காபியைக் குடித்துக் கிண்ணத்தை ஆட்டினாள். எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. விடைபெறும் இடம் வந்ததும் மனப்பாடம் காணாமல் போனது. நாற்பது வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் சொல்லிப் பழகியது அரபியில் வந்து விழுந்தது.

"அத்ஹபு வ அஊது." போய்ட்டு வரேன்.

ஹனான் புருவத்தை உயர்த்தினார். "திரும்பி வருகிறீர்களா? எப்போது? எதையாவது மறந்துவிட்டீர்களா? காபியை அடுப்பிலேயே வைக்கட்டுமா?"

எண்பதில் இதற்குப் பதில் இல்லை. திரையில் கூடப் படிக்கும் பன்னிரண்டு பேரின் முகங்கள் அவளையே பார்த்தன. ஜலீல் கையில் ஒற்றைச் செருப்போடு கதவோரம் நின்றார்.  அத்தியாவுக்குக் கோபம் வந்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது? அந்தக் கோபம்தான் அவள் வாயைத் திறந்தது.

"இல்லை, இன்று வர மாட்டேன்" என்று அரபியில் ஆரம்பித்தாள். "எங்கள் ஊரில் வெறுமனே போகிறேன் என்று சொல்லக் கூடாது. கோபித்துக்கொண்டு போகிறவர்தான் அப்படிச் சொல்வார். இப்போது ஒரு பெண் மலையிலிருந்து வந்து செருப்பு வாங்கிக்கொண்டு போனாள். இனி அடுத்த வருஷம்தான் வருவாள். அவளும் போய் வருகிறேன் என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் போகிறவருக்கு இல்லை. வாசலில் நிற்கிறவருக்கு."

இரண்டு இடத்தில் ஆண்பால் பெண்பால் மாறிப்போனது. அவளுக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை.

ஹனான் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்படியென்றால் கவிதையில் அடுப்புக்கல்லைப் பார்த்து அழுகிறானே, அவனைப் பற்றி என்ன சொல்வீர்கள்?"

"அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான். அந்த அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருப்பான்."

ஹனான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை என் மற்ற வகுப்புகளிலும் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டார். அப்புறம்தான் தேர்ச்சி என்றார்.

வகுப்பு முடியும்போது ஹனான் எப்போதும் "மஅஸ்ஸலாமா", அமைதியோடு போங்கள், என்பார். அன்று கையை உயர்த்தி, "அத்ஹபு வ அஊது" என்றார். பன்னிரண்டு பேரும் அதையே சொல்லிவிட்டு ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள்.

"பாஸா?" என்றார் ஜலீல்.

"பாஸ்."

"கடைசில எல்லாரும் ஒண்ணா இன்னாமோ சொன்னாங்களே, இன்னாது அது?"

"போய்ட்டு வரேன்னாங்க."

"அரபிக்காரங்க அப்படிச் சொல்லுவாங்களா?"

"இன்னியிலருந்து சொல்றாங்க" என்றாள் அத்தியா. "நான் சொல்லிக் குடுத்தது."

ஜலீல் கையிலிருந்த ஒற்றைச் செருப்பை அங்கேயே போட்டுவிட்டு, பஜாருக்குச் சொல்ல ஓடினார்.