மூன்று சுரங்களில் தாமசின்

ஜெர்வஸுக்கு முடியாது என்று சொல்ல வராது. சஃபோக் சீமையில் ஒரு சீமாட்டியின் பெரிய வீட்டில் வயோல் என்னும் நரம்பு வாத்தியம் வாசித்துப் பிழைத்தவன். சீமாட்டியின் ஒரே மகன் ரேஃப் காய்ச்சலில் போனதும் அவர் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம எம் புள்ளைக்கு ஒரு இரங்கல் பாட்டு வேணும்" என்றார். "ஆகட்டும் தாயே" என்று தலையாட்டிவிட்டு வந்தான். சனிக்கிழமை வரை முட்டிமோதியும் ஓர் அடி உருப்படவில்லை.

பெட்டியில் ஒரு பாட்டு இருந்தது. போன குளிர்காலத்தில் செத்துப்போன தன் மகள் தாமசினுக்காகக் கட்டியது. அந்தி சாய்ந்ததும் அவன் மனைவி ஏவிஸ் ஆப்பிள் தோப்பைப் பார்த்து மகளை மூன்று சுரத்தில் இழுத்துக் கூப்பிடுவாள். பாட்டு அந்தச் சுரங்களில்தான் தொடங்கும். மகள் போன பிறகும் ஏவிஸ் அந்த நேரத்துக்கு வாய்க்குள் ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்வாள். பாட்டை வெளியே வாசிப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பேரை மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? தாமசின் என்ற பேரை அடித்துவிட்டு ரேஃப் என்று எழுதினான். வெட்கங்கெட்டவன், மை காயும்வரை ஊதிக்கொண்டும் இருந்தான்.

ஞாயிறன்று கூடமெங்கும் கறுப்புத் துணி. பால்கூடத்தில் வேலைபார்க்கும் ஏவிஸ் கதவோரம் வந்து நின்றபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பாட்டில் குரல் உடனே வராது. பாடகன் பாடப்போகும் சுரங்களை வயோல்கள் ஒவ்வொன்றாக முன்னால் சொல்லிவிடும். பேரை மாற்றியவன் இதை மறந்துபோயிருந்தான்.

முதல் வயோல் கூப்பிட்டது, தா-ம-சின். அடுத்ததும் கூப்பிட்டது. கடைசியில் முழங்காலுக்கிடையே நின்ற பெரிய வயோலில் அவனே கூப்பிட்டாக வேண்டியிருந்தது. ஏவிஸ் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகுதான் பாடகன் ரேஃப் என்ற ஒற்றை அசையை மூன்று சுரத்துக்கும் ஜவ்வாக இழுத்தான்.

அதுவரை அழாத சீமாட்டி விம்மி அழுதார். "எம் புள்ளைக்குன்னே பொறந்த பாட்டு. வருஷாவருஷம் பாடணும்" என்றவர் ஏவிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் பெத்தவதானே, ஒனக்குப் புரியும்."

"புரியுது தாயே. ரொம்ப அழகாக் கூப்பிட்டாங்க" என்றாள் ஏவிஸ். அவள் காட்டிக்கொடுக்காதது அவனை என்னவோ செய்தது.

வீட்டில் ரொட்டியை முன்னால் வைத்தாள். அவன் அதைத் தள்ளிவைத்தான்.

"தப்புதான் ஏவி. ரெண்டு வார்த்த திட்டிடேன்."

"எதுக்கு? அந்தம்மாவுக்கு நெஞ்சு பாரம் எறங்கிச்சுல்ல." தோப்புப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. "இப்பக் கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன்யா" என்றாள். "ரேஃப்னுதான் வருது."