சித்தப்பாவின் மூலை

லாசாலில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, வெற்று அறையில் ஒரு டென்னிஸ் பந்து கிடந்தது. எடுத்தேன், அதில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் மணம் மூக்கில் ஏறியதும் அந்தக் கட்டடமே இல்லாமற்போய், முன்பு அதே இடத்தில் அப்பாவும் ஊர்க்காரரும் ஞாயிறுகளில் கிரிக்கெட் ஆடிய புல்வெளி விரிந்தது. தனி நகரமாக இருந்த லாசால் மொன்றியல் மாநகரத்தோடு சேர்ந்தது. ஊரில் எங்கள் கிராமம் முள்வேலிக்குள், இராணுவத்திடம் போனது. இங்கே எங்கள் அணி மட்டும் அந்தக் கிராமத்தின் பெயரிலேயே ஆடியது. பத்துப் பேர்தான் இறங்குவார்கள். பதினோராவது ஆளின் இடமான மைதானத்தின் வேலியோர மூலை, கிராமத்தை விட்டு வரமாட்டேன் என்று நின்று காணாமற்போன சித்தப்பாவுக்கு. எவ்வளவு வேகமாக உருண்டாலும் பந்து அந்த மூலைப் புல்லில் சட்டென்று நின்றுவிடும். நான் ஓடினால் அப்பா கத்துவார்: "விடு பிள்ளை, அங்க அவன் நிக்கிறான்." பிறகு அவரே போய், யாரிடமோ வாங்குவதுபோல் உள்ளங்கையை நீட்டி எடுத்து வருவார்.

வீடு பார்க்கக் கூட வந்திருந்த மகள் என் கையிலிருந்த பந்தைப் பறித்து உருட்டினாள். வழுவழுப்பான மரத்தரையில் ஓடிய பந்து, சுவரைத் தொடாமல் பாதியில் நின்றது.

"ஏனம்மா நிண்டது?" என்று எடுக்கப் போனாள்.

"விடு பிள்ளை," என்றேன். நானே போய், உள்ளங்கையை நீட்டினேன்.