யாரும் ஏறாத ஸ்டேஷன்

முதல் வண்டி நின்ற அன்று இன்ஜினுக்கு மாலை போட்டுக் கிடா வெட்டினார்களாம். நான் அந்த ஊருக்குப் போனபோது ஸ்டேஷனில் மிச்சமிருந்தது மஞ்சள் பெயர்ப்பலகையும் பூட்டிக் கிடந்த டிக்கெட் அறையும்தான். கமிஷனுக்கு டிக்கெட் விற்றவர் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார். சேலம் போகும் பாசஞ்சர் மட்டும் காலையில் ஒரு நிமிஷம் நிற்கும்.

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அங்கே வாடகைக்கு வீடு பிடித்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டதும் திரும்பி வந்தேன். வாரம் மூன்று நாள் சேலம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், வழியெல்லாம் வாந்தி. ரயிலில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள்.

விற்க ஆளில்லாததால் ஊரே டிக்கெட் இல்லாமல்தான் போனது. அபராதத்துக்குப் பயந்து ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முதலில் போகிறவன் பிளாட்பாரத்தைப் பார்ப்பான். வெள்ளைச் சட்டையும் பையுமாக டிக்கெட் பரிசோதகர் மாதிரி யாராவது நின்றால் துண்டை உதறுவான். மற்றவர்கள் பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு நடந்துபோய் பஸ் பிடிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை அப்படி ஒருவர் நின்றார். அன்று முதலில் போனவன் நான். உதறினேன். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏங்க, இங்க யாரும் ஏற மாட்டாங்களா?"

"ஆரும் ஏற மாட்டாங்க சார். எல்லாம் பஸ்லதான் போறாங்க."

"நீங்க?"

"நானு எருமெ புடிச்சுக் கட்ட வந்தனுங்க."

அவர் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டார். வண்டி வந்தது, நின்றது, போனது. பின்னாலேயே அவரும் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். காட்டுக்குள்ளிருந்து கீரை விற்கும் அக்கா தலையை நீட்டினாள்.

"அந்த எருமெ நாந்தான் சாமி. வந்து புடிச்சுக் கட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்தியபடி என் மனைவியும் சிரித்தாள். புதனும் வெள்ளியும் அவர் வந்தார். பதில் சொல்ல என்னையே அனுப்பினார்கள். மூன்று நாளும் அதையே சொன்னேன். மூன்று நாளும் அவளைப் பஸ்ஸில்தான் கூட்டிப்போனேன்.

அடுத்த மாதம் டிக்கெட் அறைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பயணிகள் இல்லாததால் இனி வண்டி நிற்காது. வந்தவர் டிக்கெட் பரிசோதகர் இல்லை, ஏறுகிறவர்களை எண்ண வந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டியை மறுபடி நிறுத்தச் சொல்லி சேலத்தில் ரயில்வே ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். கடைசியில் ஒருவர்தான் பொறுமையாகக் கேட்டார். "நீங்க போய் வந்த பழைய டிக்கெட் இருந்தா கொண்டாங்க, எழுதிப் பாக்கலாம்" என்றார். ஊர் முழுக்கத் தேடினேன். ஒருத்தரிடமும் ஒரு டிக்கெட் இல்லை.

ஊரில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மனைவி மட்டும், "நானுந்தான காட்டுக்குள்ள உக்காந்திருந்தேன்" என்றாள்.

வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி இரண்டு நாளானது. இந்தத் திங்கட்கிழமை அதற்கும் வரவில்லை என்றுவிட்டாள்.

"பஸ்ஸ நெனச்சாலே கொமட்டுதுங்க. ஒரு நாளு உட்டா என்ன ஆயிரும்?"

என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இன்று வியாழன். நேற்றிலிருந்தே அவளுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளை எழுப்ப வந்து நிற்கிறேன். விழித்துத்தான் இருக்கிறாள், என் கையிலிருக்கும் செருப்பைப் பார்க்கிறாள். "வாரேன்" என்று அவள் இன்னும் சொல்லவில்லை.