தம்பி முகத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

மூன்று வருஷங்களுக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்தில், காங்கேயத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் இது நடந்தது. நண்பர்களிடம் பாதி சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள், அதோடு நிறுத்திவிடுவேன். மீதிப் பாதியை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதல். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. படிப்பை முடித்து, கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மில்லில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததும், தம்பியை அழைத்துப் போய் என் அறையிலேயே தங்கவைத்து ஹைஸ்கூலில் சேர்த்தேன். இது நடந்த வருஷம் அவனுக்குப் பதினாறு வயது. ஆறாவது பாரம், பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டும். அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்: "ஒருக்கா எழுதட்டும். தேறிப்போட்டான்னா மேல படிக்கட்டும். இல்லீன்னா இங்க தண்ணி எறைக்க ஆளில்லாமக் கெடக்குது, மாட்டப் புடிக்கட்டும்." அவர் சொன்னால் சொன்னதுதான்.

தம்பி கெட்டிக்காரன். கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். அவனுக்கு இரண்டு வருஷமாக இருந்த ஒரே இடைஞ்சல் முகப்பரு. எல்லோருக்கும் வந்துபோவதுபோல் நாலைந்து அல்ல. நெற்றி, கன்னம், தாடை, கழுத்து வரை சிவந்து சீழ் கோத்து நிற்கும். ஒன்று அடங்கினால் இரண்டு கிளம்பும். ஊருக்கு வந்தால் பக்கத்துத் தோட்டத்து மாமா விடமாட்டார். எங்கள் பக்கத்தில் கேலி செய்தாலும் மரியாதை குறையாது.

"ஏனுங் மாப்ளே, மூஞ்சியில வெதச்சிருக்கறது கம்புங்களா, சோளமுங்களா? எதா இருந்தாலும் வெள்ளாம நல்லாத்தானுங்க வந்திருக்குது!"

கிணற்றடியில் இருக்கும் அத்தனை பேரும் சிரிப்பார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். பிறகு மாட்டுப்பட்டிப் பக்கம் போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் வருவான்.

படித்த அண்ணன் நான் இருக்கும்போது இதை விட்டுவைக்கலாமா? தினமும் காலையில் அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன். நேற்று எத்தனை, இன்று எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். நெய் வேண்டாம் என்றேன். நிலக்கடலை வேண்டாம் என்றேன். வெல்லம், மாங்காய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஊரில் அம்மா ஜாதிக்காயை உரைத்துப் போட வந்தால், "இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று தடுப்பேன். அவன் எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. நன்றியோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று, மில்லில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அவனை ஊருக்கு அழைத்து வந்தேன். வரும்போது இங்கிலீஷ் மருந்துக் கடையில் ஒரு களிம்பு டப்பாவும் வாங்கி வந்திருந்தேன். உண்மையில் அது படைக்குப் போடும் மருந்து. மில்லில் ஒருவருக்குத் தொடையில் இருந்த படை அதில் அடியோடு போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அத்தனை பெரிய படையையே தீர்க்கும் மருந்துக்குப் பரு எம்மாத்திரம்? டப்பாவின் அடியில், முகத்துக்குப் போடக் கூடாது என்று இங்கிலீஷில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. படிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. படித்தேன். அது விவரம் தெரியாதவர்களுக்காகப் போட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவனை உட்காரவைத்து முகம் முழுக்க அப்பினேன். "எரியுதுங்ணா" என்றான். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன்.

மறுநாள் காலையில் அவன் முகம் என் தம்பியின் முகமாக இல்லை. இமைகள் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. கன்னமெல்லாம் நீர்க் கொப்புளம். உடம்பு வேறு சுட்டது. அம்மா வந்து பார்த்தாள். உடனே கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பி, "ஆத்தா! எங்கூட்டுக்கு வந்துட்டியா, தாயே!" என்றாள்.

பங்குனி வெயில். பக்கத்து ஊரில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் அம்மை. அம்மா அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. அரை மணி நேரத்துக்குள் வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. தம்பியை வேப்பிலை பரப்பிய வாழையிலையில் படுக்கவைத்தாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. அப்பா செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை யாரும் வீட்டை விட்டு வெளியூர் போகக் கூடாது. அம்மா போட்ட கணக்குப்படி மூன்றாவது தண்ணீர் பரீட்சை தொடங்கி நாலு நாள் கழித்து வந்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த வீட்டில் ஒரு காகிதம் வந்தால் என்னிடம்தான் தருவார்கள். யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் "பெரியவனக் கேளுங்க" என்பார்கள். அந்தப் பெயரை என் கையாலேயே உடைக்க எனக்குத் தைரியமில்லை. ஒரு நாள் பார்ப்போம், வீக்கம் வடிந்துவிடும் என்று தள்ளிப்போட்டேன்.

அன்று சாயந்திரம் மாமா வந்தார். வேலிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இளநீர்க் குலையை வாசலில் வைத்துவிட்டு, தம்பி படுத்திருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோணுமுங்க, தாயி. வெளையாட்டுக்குச் சொன்னதுங்க."

கம்பு, சோளம் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. வாசலிலிருந்து வந்த வெளிச்சத்தில், முகத்தை மூடாமல், நிம்மதியாகப் படுத்திருந்தான். இரண்டு வருஷத்தில் அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த சமயம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "இது அம்மை இல்லையடா. நான் போட்ட களிம்பு."

"தெரியுமுங்ணா" என்றான்.

"தெரிஞ்சுமா பேசாமப் படுத்திருக்கறே? பரீட்சை என்னாகறது?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான். "மூணு நாளா யாரும் என்ர மூஞ்சியப் புடிச்சுத் திருப்பிப் பாக்கலீங்ணா. நீங்களுங்கூடத்தான். இன்னும் கொஞ்ச நாளு இப்படியே இருந்துக்கறனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் மற்றதையும் சொன்னான். தை மாதம் பள்ளிக்கூடத்தில் வைத்த பரீட்சையில் பக்கத்துப் பையன் எழுந்து நின்று, "சார், இவனுக்கு என்னவோ வந்திருக்கிறது, எனக்கு ஒட்டிக்கொள்ளும்" என்றானாம். வாத்தியார் தம்பியின் பெஞ்சை வெளி வராந்தாவுக்கு எடுத்துப் போடச் சொன்னாராம். மூன்று நாளும் அங்கேயே தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறான். நான் அந்த மூன்று நாளும் காலையில் பருக்களை எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறேன். அவன் எங்கே உட்கார்ந்து எழுதினான் என்று கேட்கவில்லை.

"பெரிய பரீட்சையில எத்தன ஊர்ப் பசங்க வருவாங்க! அங்கயும் அப்படி ஒருத்தன் எந்திரிச்சான்னா எனக்குக் கை ஓடாதுங்ணா" என்றான்.

புதன்கிழமை காலையில் அப்பாவிடம் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்; டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்ததையும் சொன்னேன். மாடு குடித்து முடிக்கும் வரை தாழியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "படிச்சவன்னு உன்ர கையில உட்டேன்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை. "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு."

அம்மா நம்பவில்லை. நம்ப மறுத்தாள் என்பதுதான் சரி. "ஆத்தாளையே இல்லீங்கறியா? இந்தப் பேச்சுக்கு அவ கோவிச்சுட்டு எம்பையன் கண்ண எடுத்துப்போட்டா நீ திருப்பித் தருவியா?" என்று அழுதாள். படிப்பு, புத்தகம், டாக்டர், நான் சொன்ன எதுவும் அவள் பயத்துக்கு முன்னால் நிற்கவில்லை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. டப்பாவைத் திறந்தேன். அம்மாவின் கண் முன்னாலேயே என் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் அதே களிம்பை அப்பிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையில் என் முகத்தைப் பாருங்கள். அப்போதும் ஆத்தா என்றால் நான் வாயே திறக்கவில்லை."

அந்த எரிச்சலை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மிளகாயை அரைத்து அப்பியதுபோல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஓடிப் போய்க் கழுவலாமா என்று எழுந்துவிட்டேன். இதைத்தான் தம்பி சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்கொண்டு, எரிகிறது என்று ஒரே ஒரு தரம் சொன்னான். உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். போய் வாசல் வேப்பிலையை அவிழ்த்தாள். ஆனாலும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தம்பி தலையில் ஊற்றிவிட்டுத்தான் விட்டாள். "வந்தாளோ வல்லியோ, அவளுக்கு மாவெளக்கு எடுத்துப்போடறேன்" என்றாள். அப்பா எங்களைப் பார்த்து, "ரெண்டும் ஒரே ஈத்துக் கன்னுக்குட்டியாட்ட இருக்குது" என்றார். அந்த வாரம் அவர் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். மூன்று மணி நேரம் என்னை ஜனங்கள் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஓர் அம்மாள் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். எதிரில் இருந்தவர் என்னைப் பார்ப்பார். நான் பார்த்தால் வெளியே பார்ப்பார். கண்டக்டர் கிட்டத்தில் வராமல் கையை மட்டும் நீட்டினார். நான் துண்டால் முகத்தை மூடப் போனேன். தம்பி தடுத்தான்.

"மூடுனா இன்னும் உத்துப் பாப்பாங்கங்ணா. இந்தப் பக்கம் வாங்க, இங்க வெயிலு மூஞ்சியில உழுகாது. யாராச்சும் பாத்தா நீங்களா ஏதாச்சும் கேட்டுப்போடுங்க, பல்லடம் இன்னும் எவ்வளவு தூரம்னு. பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னா மறந்துருவாங்க."

கேட்டேன். எதிரில் இருந்தவர் பல்லடத்தில் ஆரம்பித்துத் தன் மகள் கல்யாணம் வரை பேசிக்கொண்டு வந்தார். ஒரு புத்தகமும் இல்லாமல், ஒருவர் உதவியும் இல்லாமல், இதையெல்லாம் இரண்டு வருஷமாக அவன் தானே கண்டுபிடித்து வைத்திருந்தான். அவன் பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தெரியவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் பார்த்த வைத்தியம்?" என்றார். தம்பி என்னைக் காட்டி, "இவருதானுங்க டாக்டரு" என்றான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். காயத்துக்கு ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார். காயம் ஆறிய பிறகு பருவுக்கு லேசாகத் தொட்டு வைக்கக் கந்தகம் கலந்த மருந்து ஒன்று எழுதினார். இரண்டு வேளை முகம் கழுவு, கிள்ளாதே, இந்த வயசில் வருவதுதான், இரண்டு மூன்று வருஷத்தில் தானே தணியும், தழும்பு கொஞ்சம் நிற்கலாம் என்று தம்பியிடமே நேராகச் சொன்னார். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா என்று அவன் கேட்டான். எழுதிக் கொடுத்தார். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் பரீட்சைக்குப் போனான். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பரீட்சை முடிகிற நேரத்துக்கு அங்கே போய் நின்றேன். என் முகத்தில் தோல் உரிந்து திட்டுத்திட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய சிநேகிதர்கள் பார்த்தால் அவனுக்குத்தான் கேவலம் என்று எண்ணி, வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வண்டி மறைவில் நின்றுகொண்டேன்.

மணி அடித்தது. பையன்கள் கூட்டமாக வந்தார்கள். அவன் நாலைந்து பேருக்கு நடுவில் கையை ஆட்டி ஒரு கணக்கைப் பற்றி வாதாடிக்கொண்டே வந்தான். இந்தக் கூட்டத்தில் எவனாவது இன்றைக்கு எழுந்து நின்றானா, சீட்டைக் காட்ட வேண்டி வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்துவிட்டான். நான் இன்னும் உள்ளே ஒதுங்கினேன். அவன் நேராக வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கண்ணனுங்க" என்றான்.

ஒரு பையன் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினான். நான் முந்திக்கொண்டு, "நீங்க எப்படி எழுதினீங்க, தம்பி?" என்று கேட்டேன். பேச ஆரம்பித்தான்.

தம்பி தேறிவிட்டான், இப்போது காலேஜில் படிக்கிறான். டாக்டர் சொன்னபடி பரு பெரும்பாலும் தணிந்துவிட்டது, கன்னத்தில் குழிகள் இருக்கின்றன. அவை என் கண்ணில் படுவதே இல்லை என்று சொன்னால் பொய், படத்தான் செய்கின்றன. ஆனால் ஒருவருக்கு உதவி செய்யக் கை நீட்டும்போதெல்லாம், வண்டி மறைவில் ஒளிந்து நின்ற என்னை நாலு பேர் முன்னால் தன் அண்ணன் என்று சொன்ன அந்தக் குரல் காதில் விழுகிறது. அவருக்கு எங்கே வலிக்கிறது என்று முதலில் அவரையே கேட்கிறேன்.