கோயம்புத்தூர்க் கடை நம்பர்

ஆத்தாளுக்குக் காலில் ஏறியது கருவேல முள். பிடுங்கி எறிந்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டது. சர்க்கரை உடம்பு. பதினைந்து நாளில் கட்டைவிரல் கறுத்து, பாதம் வீங்கி, நடக்க முடியாமல் ஆனபிறகுதான் என்னிடம் சொன்னது. ராமநாதபுரம் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப எடுத்தா பாதத்தோட போகும். தள்ளிப்போட்டா மேல ஏறிரும். அப்புறம் எங்களக் குத்தம் சொல்லக் கூடாது."

அது வெள்ளிக்கிழமை. ஆத்தா கைநாட்டு வைக்க மாட்டேன் என்றது.

"சின்னவ வரட்டும். அவ அப்பன முழுசாப் பாக்கல. என்னையாவது ரெண்டு காலோட பாக்கட்டும்."

சின்னவ என் தங்கச்சி. அய்யா செத்தபோது அவள் கோயம்புத்தூரில் இருந்து வந்துகொண்டிருந்தாள். சித்திரை வெயில், ஐஸ்பெட்டி கிடைக்கவில்லை, தாங்காது என்று பங்காளிகள் எடுத்துவிட்டார்கள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "மூத்தவ நீ. ஒரு வார்த்த, நில்லுங்கன்னு சொல்லியிருந்தா நின்னுருப்பாகல்ல?" அத்தனை ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் நான் எப்படி வாயைத் திறப்பேன்? அன்னியரிடம் பேசுவது என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் சோறு சாப்பிடாமல் போனாள். போன் நம்பரை மாற்றிவிட்டாள். ஒன்பது வருசம் பேச்சில்லை.

இந்தத் தடவையாவது நேரத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. எனக்குப் பிள்ளை இல்லை, வீட்டுக்காரரும் போய்விட்டார். ஆத்தாளை விட்டு நகர முடியாது. பரமக்குடியில் இருக்கிற பெரியப்பா மகன் அண்ணனைக் கேட்டேன். அவரிடமும் பழைய நம்பர்தான். "கோயம்புத்தூர்ல சேலக்கடை வச்சிருக்கா தாயி. சித்தப்பா பேரத்தான் கடைக்கு வச்சிருக்காளாம்" என்றார். அய்யா பேரில் கடை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

முந்தியெல்லாம் மூன்று எண் அமுக்கினால் ஒரு அம்மா எடுத்து யார் நம்பரும் சொல்வார்கள், காசு கிடையாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அதை அடித்துப் பார்த்தேன். என் பட்டன் போனில் போகவில்லை.

அடுத்த கட்டிலில் மாமியாருக்குத் துணை இருந்த பெண் சிரித்தாள். "எந்தக் காலத்துல இருக்கீக பெரியம்மா? நம்பர் சொல்றதுக்குன்னே கம்பெனி இருக்கு. ரெண்டு பேரு, நான்தான் பெருசு நீதான் பெருசுன்னு டிவியில அடிச்சுக்கிறானுக." அவளே என் போனில் அடித்து என் காதில் வைத்தாள்.

முதலில் பாட்டு. அப்புறம் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. நானும் "வணக்கம்மா" என்றேன். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. நகைக்கடன் என்றது, காப்பீடு என்றது, ஊட்டியில் ரூம் என்றது. ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே எப்படிப் பேசுவது என்று "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அய்யோ பெரியம்மா, அது மிசினு! ஒண்ண அமுக்குங்க!"

ஒண்ணை அமுக்கி, நிஜமான பெண் வந்து, நான் அய்யா பேரைச் சொல்ல வாயெடுக்கும்போது போன் செத்துவிட்டது. ஆசுபத்திரி வாசல் பெட்டிக்கடையில் காலையில்தான் இருபது ரூபாய்க்கு ஏற்றியிருந்தேன்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த நம்பருக்கா அடிச்சீக? மத்த நம்பருக்குப் பைசாவுல போகும், அதுக்கு ரூவாயில போகும். பாட்டுக்கும் சேத்துத்தான் எடுப்பான்."

அம்பது ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை பெண் வரைக்கும் போய்விட்டேன். அய்யா பேரைச் சொன்னேன். உயிரோடு இருந்தவரை அவர் பேரை வாயால் சொன்னதில்லை.

"அந்தப் பேர்ல கடை இல்லீங்க மேடம். அதே ஏரியால மூணு நல்ல கடை இருக்கு. நோட் பண்ணிக்கிறீங்களா?"

"இல்லம்மா, அது என் தங்கச்சி கடை..."

"நோட் பண்ணிக்கோங்க மேடம்."

அவ்வளவு மரியாதையாகச் சொல்கிற பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூன்று கடை நம்பரையும் மாத்திரை அட்டையில் எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே கூப்பிட்டு, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார்கள். பத்து என்று சொன்னேன்.

அடுத்த கட்டில் பெண்ணுக்குக் கோபம். "அவன் இல்லன்னு சொன்னா கடை இல்லாமப் போயிருமா? ஒங்க தங்கச்சி அடுத்த கம்பெனிக்காரனுக்குக் காசு கட்டியிருப்பாக. காசு கட்டாத கடையெல்லாம் இவனுக்குக் கடையே இல்ல. அவனுக்கு அடிங்க."

அவனுக்கும் அடித்தேன். அங்கேயும் பாட்டு, அங்கேயும் நகைக்கடன். கடைசியில் ஒரு பெண், "இருக்குங்கம்மா" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நம்பர் சொல்லு தாயி."

"உங்க பேரு, ஊரு, நம்பர் சொல்லுங்கம்மா. நாங்க அனுப்பிடுறோம். கடைக்காரங்களே உங்களைக் கூப்பிடுவாங்க. உங்களுக்குக் காசு மிச்சம்."

"ஆத்தாளுக்குக் கால எடுக்கப் போறாகன்னு சேத்துச் சொல்லிரு தாயி."

"சரிங்கம்மா. வேற ஏதாவது உதவி வேணுமாங்க?"

ஆத்தாளிடம் போய்ச் சின்னவள் கூப்பிடுவாள் என்றேன். ஆத்தா வார்டு முழுக்கச் சொன்னது. நர்சம்மா காகிதத்தை நீட்டியபோது, "எம் மக வாரா. வந்ததும் வாங்கிக்க" என்று கையை மடியில் வைத்துக்கொண்டது.

கடைக்காரங்க என்று அந்தப் பெண் சொன்னதை நான் ஒரு கடை என்றுதான் எடுத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் அவர்களுக்குக் காசு கட்டிய சேலைக்கடைக்காரர் எல்லாருக்கும் என் நம்பர் போயிருக்கிறது. சாயங்காலமே ஆரம்பித்தது.

"ஏனுங்கம்மா, சேலை வேணும்னு கேட்டிருந்தீங்களே, கல்யாணமுங்களா?"

"இல்லய்யா, என் தங்கச்சி..."

"தங்கச்சிக்குங்களா? வயசு என்னங்க?"

"அறுவது."

"அறுவதாங் கல்யாணமுங்களா! ஜரிகை வச்சது அனுப்பறனுங்க."

ஒவ்வொருத்தருக்கும் முழுக் கதையும் சொன்னேன். ஒவ்வொரு மணிக்கும் ஆத்தா தலையைத் தூக்கிப் பார்க்கும். "சின்னவளா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துபோனது. சனிக்கிழமை முழுக்க இப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் விடிந்ததும் விடியாததுமாக இரண்டு பேர்.

ஞாயிறு மத்தியானம் டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்தார். நாற்றம் அடித்தது. கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. "யாருக்காகம்மா காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சேலைக்கடைக்காரர்கள் மாதிரியே தெரியாத நம்பர். எடுத்தேன். எதிர்ப்பக்கம் சத்தமில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம்! இனிமே கூப்பிடாதீக! ஒங்க தொல்ல தாங்க முடியல!"

வைத்துவிட்டேன். அறுபத்தாறு வயசில் யாரையும் அப்படிப் பேசியதில்லை. அடுத்த கட்டில் பெண், "அப்பிடிப் போடுங்க பெரியம்மா!" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு ஒருத்தரும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆத்தாளுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. நான் கையெழுத்துப் போட்டேன். முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

வியாழக்கிழமை பரமக்குடி அண்ணன் வந்தார். உட்காரக்கூட இல்லை. "ஏன் தாயி அவள அப்பிடிப் பேசுன?"

ஒரு சத்தமும் வராத அந்தப் போன்தான். கடைக்கு வந்த சேதியில் என் பேரும் ஊரும் நம்பரும் மட்டும் இருந்திருக்கிறது. ஆத்தா காலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அக்கா என்னைத் தேடுகிறாள் என்று ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மனசைத் தேற்றிக்கொண்டு கூப்பிட்டு, அக்கா என்று சொல்ல வராமல் நின்றிருக்கிறாள். அதற்குள் நான் பேசிவிட்டேன். இதைப் புதன்கிழமை ராத்திரிதான் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லி அழுதாளாம்.

அவர் போனை வாங்கித் தங்கச்சியிடம் பேசினேன். சேலைக்காரர்கள், கம்பெனி, பாட்டு, எல்லாம் சொன்னேன். எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

"அய்யாவுக்கு வெயிலு. ஆத்தாளுக்குச் சேலக்காரனா?" என்றாள். "ஒனக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்க்கா."

மறுநாள் வந்தாள். தலை நரைத்துவிட்டது. நேரே கட்டிலுக்குப் போனாள். போர்வை ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அதன்மேல் கையை வைத்தாள்.

ஆத்தா அவள் கன்னத்தைத் தடவியது. "செவ்வாக்கெழம வரைக்கும் ரெண்டு காலோடதான்டி இருந்தேன். ஒங்கக்கா ஒனக்கு ஒரு வார்த்த சொல்லலையே."

"சொன்னேன் ஆத்தா" என்றேன். டீத்தம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சத்தமாக வரவில்லை. கூட இருந்து பார்த்த அந்தப் பெண் மாமியாரைக் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

தையல் பிரித்ததும் கார் பிடித்து ஆத்தாளைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விட்டாள். அவள் நம்பர் இப்போது என் போனில் இருக்கிறது. மாசத்துக்கு ஒருதடவை காசு கட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிட்டது. அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. ஆத்தா கட்டைக்கால் வைத்துச் சுவரைப் பிடித்து நடக்கிறது என்று பரமக்குடி அண்ணன் போன மாசம் வந்து சொன்னார். நான் இன்னும் பார்க்கவில்லை.