சித்தி சாவியைப் பிடுங்கிய காலை

எங்கள் குடும்பத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் சித்தி ஒருவர்தான். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவருக்கு மோட்டார் சைக்கிளே சொன்னபடி கேட்காது. தாத்தா விட்டுப்போன பழைய ஜீப்பை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த சித்திதான் ஓட்டுவார். அம்மாவின் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, ஏற்காட்டில் அவரைப்போல் ஓட்ட ஆள் கிடையாது. ஆனால் சின்னப் பிள்ளையான எனக்கு அந்த ஓட்டம் பெரிய மானக்கேடு. எந்தக் கியரில் மலை ஏறினாரோ அதே கியரில்தான் இறங்குவார். ஏறி வருகிற வண்டியைக் கண்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று வழிவிடுவார். பால்வண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போகும்.

அந்த மே மாத விடுமுறையில் சேலத்தில் காலை ரயிலைப் பிடித்து, அம்மா, சித்தி, நான் மூவரும் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. எனக்குக் கடல் பார்க்க வேண்டும். சித்திக்கு அன்று மாலை வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு இன்டர்வியூ. அதற்காக வருஷக்கணக்கில், டூட்டி முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தார். ரயிலை விட்டால் இன்டர்வியூவும் இல்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கடலுக்கு முன்னால் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்வார். அம்மா கர்த்தரை நம்பினார். சித்தி கர்த்தரோடு இரண்டாவது கியரையும் நம்பினார். அன்று காலை ஜீப்பில் பாதி மலை இறங்கியபோது கருகின நாற்றம் வந்தது. வளைவு திரும்பினால் வெளியூர்க் கார் ஒன்று சுவரோரம் நின்றது. முன்சக்கரத்தில் புகை. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டு, வழிநெடுகப் பிரேக்கை மிதித்தே இறங்கியிருக்கிறார்கள். ஓட்டி வந்தவர் குடிதண்ணீர் பாட்டிலைச் சக்கரத்தின்மேல் கவிழ்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று மறுபடி ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள், கையில் பஞ்சுமிட்டாயோடு.

சித்தி இறங்கிப் போய், சூட்டில் பிரேக் பிடிக்காது, ஆறாமல் எடுக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். கார்க்காரர் எங்கள் ஜீப்பை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டு சாவியைத் திருகினார். சித்தி ஜன்னல் வழியாகக் கையை விட்டார். கார் அணைந்தது. சாவி சித்தியின் கையில் இருந்தது.

அந்த மனிதர் குதித்த குதியைச் சொல்லி மாளாது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடுங்க, நானும் சொல்றேனுங்க. சக்கரம் ஆறுற வரைக்கும் சாவி எங்கிட்டயே இருக்கட்டுமுங்க."

அம்மா சித்தியைத் தனியாக இழுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ரயில் போய்விடும், சாவியைக் கொடுத்துவிட்டு வா என்று கெஞ்சினார். சித்தி குரலை உயர்த்தவில்லை.

"குடுத்தா, இந்தக் கொழந்தைங்கள அடுத்த வளைவுல நாமதான் தூக்கோணும் அக்கா. போன லீவுல இதே மாதிரி கவுந்த கார்லருந்து தூக்குனதே போதும்."

அம்மா சித்தியின் கையை விட்டார். சித்தி ரயிலுக்கென்று கட்டிவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்து அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். எனக்கு அழுகை முட்டியது, சாதத்துக்கும் சேர்த்துத்தான். சித்தி ஒரே ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்துச் சூடு தணிந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார், இரண்டாவது கியரைவிட்டு மாற்ற வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. அந்த மனிதர் வாங்கிய வேகத்தில் நன்றி எதுவும் இல்லை. ஆனால் கார் மெதுவாகத்தான் இறங்கியது. அடிவாரம்வரை நாங்கள் அதன் பின்னாலேயே போனோம். சமதரை வந்ததும் அந்தக் குழந்தைகள் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினார்கள். சித்தியும் ஆட்டினார்.

ரயில் எப்போதோ போயிருக்கும். சித்திக்கு அப்படியொரு அழைப்பு பிறகு வரவே இல்லை. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். தன் வாழ்க்கையை அவ்வளவு சத்தமில்லாமல் ஒதுக்கி நிறுத்தி, பிறருக்கு வழிவிட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அடிவாரத்தில் ஒரு மர நிழலில் சித்தி ஜீப்பை நிறுத்தி அணைத்தார். கடல் போச்சு என்று நான் கத்தி அழுதேன்.

"கடலு எங்கீம் போகாது கண்ணு. அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வெகுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் நடுங்கின. பழைய ஜீப், அது எப்போதும் அப்படித்தான் ஆடும் என்று நினைத்துக்கொண்டேன். என்ஜின் அணைந்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.